வாருங்கள், வீட்டைப் பாருங்கள்!

"நாளைக் காலை ரயிலில் வருகிறோம்" என்று நாத்தனாரிடமிருந்து தகவல் வந்தால், நம்மில் எத்தனை பேருக்கு அன்றிரவு தூக்கம் பிடிக்கிறது? அதுவரை கண்ணில் படாத ஒட்டடையெல்லாம் அந்த நிமிஷம்தான் கண்ணில் படும். ஜன்னல் திரையில் இருக்கும் கிழிசல், ஊஞ்சல் பலகையில் இருக்கும் காப்பிக் கறை, கூடத்து மூலையில் ஆறு மாதமாகக் கிடக்கும் பழைய பேப்பர்க் கட்டு எல்லாம் ஒன்றுசேர்ந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். வருகிறவர்களோ மூன்று பேர், அதிலும் உறவுக்காரர்கள்.

முன்பின் தெரியாத மூவாயிரம் பேர் டிக்கெட் வாங்கிக்கொண்டு, வாசலில் வரிசையாக நின்று, "எங்கே, உங்கள் வீட்டைக் காட்டுங்கள் பார்க்கலாம்!" என்று வந்தால் என்ன செய்வீர்கள்? கதவைத் தாளிட்டுக்கொண்டு பின்பக்கமாகப் போய்விடுவோம் என்றுதானே சொல்கிறீர்கள்? அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருக்கும் சில சகோதரிகள் இந்தத் தொந்தரவை வலிய வரவழைத்துக் கொள்கிறார்கள். வருஷா வருஷம் வசந்த காலத்தில் வீட்டையும் தோட்டத்தையும் திறந்துவிட்டு, ஊர் உலகத்தையெல்லாம் உள்ளே அழைக்கிறார்கள்.

இங்கிலாந்தில் இது 1927இல் தொடங்கியது. ஏழைகளின் வீடு தேடிப்போய்ச் சிகிச்சை செய்யும் நர்ஸுகளுக்குப் பணம் வேண்டியிருந்தது. தோட்டம் வைத்திருப்பவர்கள் அதைத் திறந்துவிட்டு, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கினால் என்ன என்று ஒரு சீமாட்டிக்குத் தோன்றிற்று. முதல் வருஷமே 609 தோட்டங்கள் திறந்தன. அதே 1927இல், அமெரிக்காவின் வர்ஜீனியா மாகாணத்தில் தோட்டச் சங்கத்துப் பெண்கள் ஒரு மலர்க் காட்சி நடத்தினார்கள். ஜனாதிபதியாக இருந்த தாமஸ் ஜெஃபர்ஸனின் மாண்டிசெல்லோ மாளிகையில் பட்டுப்போய்க்கொண்டிருந்த மரங்களைக் காப்பாற்றப் பணம் சேர்ப்பதற்காக அது. அந்த ருசி விடவில்லை. 1929இல் வீடுகளையும் தோட்டங்களையும் ஒரு வாரம் திறந்து வைத்தார்கள். ஏப்ரல் மாதத்தில் அந்த வாரம் இன்றைக்கும் நடந்து வருகிறது.

ஆனால் நான் இந்த வாரம் உங்களிடம் சொல்ல நினைத்தது இன்னும் தெற்கே, மிஸிஸிப்பி நதிக்கரையில் மேட்டின்மேல் இருக்கும் நாச்செஸ் என்கிற ஊரின் கதை. சின்ன ஊர்தான். அங்கே வீடு திறக்கும் பழக்கம் வந்தது ஒரு விபத்தினால் என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

1931 வசந்தம். மிஸிஸிப்பி மாகாணத்துத் தோட்டச் சங்கங்களின் மாநாட்டை நாச்செஸில் வைத்துக்கொண்டார்கள். தோட்டங்களைப் பார்க்க ஊர் ஊராகப் பெண்கள் வந்து இறங்கிவிட்டார்கள். அந்தச் சமயம் பார்த்து, பருவம் தப்பிய பனி ஒன்று விழுந்தது. மொட்டும் மலருமாக நின்ற செடிகளெல்லாம் கருகிப் போயின. கல்யாணத்துக்கு எல்லாரும் வந்துவிட்டார்கள், பந்தியில் போடச் சாதம் இல்லை என்றால் எப்படி இருக்கும்? அந்த ஊர்ப் பெண்கள் சாமர்த்தியசாலிகள். "தோட்டம் போனால் போகட்டும், வீட்டுக்குள் வாருங்கள்" என்று அழைத்துப் போனார்கள்.

வந்தவர்கள் பூவை மறந்தே போனார்கள். கூடத்தில் நிலைக்கண்ணாடி, ரோஸ்வுட் சோபா, பிரான்ஸ் தேசத்துச் சுவர்க் காகிதம், ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்த பளிங்குக் கணப்பு எல்லாம் நூறு வருஷத்துக்கு முன் வைத்த இடத்தில் அப்படியே இருந்தன. இவ்வளவு பத்திரமாக எப்படி வைத்திருந்தார்கள் என்று மூக்கில் விரலை வைத்தார்களாம். உண்மைக் காரணம் வேறு. பருத்தியில் கொழித்த ஊர் அது. 1861இல் மூண்ட உள்நாட்டு யுத்தத்தில் ஊர் சண்டையில்லாமல் பணிந்ததால் வீடுகள் தப்பின. யுத்தத்துக்குப் பின் செல்வம் கரைந்தது. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் பருத்திக் காயைத் துளைக்கும் வண்டு வந்து மிச்சத்தையும் தின்றது. புதுச் சோபா வாங்கக் காசு இல்லாததால் பழைய சோபா தங்கிற்று. சுவர்க் காகிதத்தை மாற்ற வழியில்லாததால் அது மாறவில்லை. தரித்திரத்துக்கும் சில சமயம் நல்ல ரசனை உண்டு போலிருக்கிறது!

மறு வருஷம், 1932இல், காதரின் கிராஃப்டன் மில்லர் என்கிற அம்மாளும் ஊர்த் தோட்டச் சங்கத்துப் பெண்களும் சேர்ந்து இதை ஒரு விழாவாகவே நடத்தினார்கள். அமெரிக்கா முழுவதும் பாங்குகள் மூடி, ஆலைகள் நின்று, வேலையில்லாதவர்கள் ரொட்டிக்கு வரிசையில் நின்ற காலம் அது. நாலு காசு செலவழித்து இந்த மூலைக்கு யார் வருவார்கள் என்று ஊர் ஆண்கள் சிரித்திருப்பார்கள், நமக்குத் தெரியாததா? ஆனால் வந்தார்கள். விழாவுக்குப் 'பில்கிரிமேஜ்', அதாவது யாத்திரை என்று பெயர். க்ஷேத்திராடனம் போவதுபோல் வீடு வீடாகப் போவது.

இனி நம்மைப் போன்றவர்களுக்குச் சுவாரஸ்யமான விஷயத்துக்கு வருகிறேன். இப்படி ஒரு வீட்டைத் திறப்பதென்றால் அதற்கு என்னென்ன தயார் செய்ய வேண்டும்?

முதலில் தோட்டம். வசந்தத்தில் பூக்க வேண்டுமானால் வேலை வசந்தத்தில் தொடங்குவதில்லை. டூலிப், டாஃபடில் போன்ற கிழங்குச் செடிகளை முந்தின இலையுதிர் காலத்திலேயே மண்ணுக்குள் புதைத்துவிட வேண்டும். நாச்செஸ் பக்கம் தோட்டத்துக்கு அழகே அஸாலியாச் செடிதான். ஆளுயரத்துக்குப் புதராக வளர்ந்து, இலை தெரியாமல் பூக்கும். இதை வெட்டிவிடுவதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. பூத்து ஓய்ந்தவுடன் வெட்டினால் வெட்டலாம். சோம்பலாக இருந்துவிட்டு, விருந்தாளிகள் வருமுன் ஒழுங்கு செய்யலாமென்று தை, மாசியில் கத்தரிக்கோலை எடுத்தால் போச்சு! அடுத்த வசந்தத்து மொட்டுகளை அது முந்தின கோடையிலேயே கட்டி வைத்துவிடுகிறது. அதனால் இந்த வருஷ யாத்திரை முடிந்த மறுநாளே அடுத்த வருஷ யாத்திரைக்கான வேலை ஆரம்பமாகிவிடும். வேரடியில் பைன் மரத்து ஊசியிலைச் சருகைப் பரப்புவார்கள். களையும் அடங்கும், ஈரமும் காயாது. பனி விழும் என்று வானொலியிலும் தொலைக்காட்சியிலும் சொல்லிவிட்டால், ராத்திரியோடு ராத்திரியாகப் பழைய படுக்கை விரிப்புகளைக் கொண்டுவந்து செடிகளுக்குப் போர்த்துவார்கள். காலையில் வெயில் ஏறுமுன் எடுத்துவிட வேண்டும். இல்லாவிட்டால் போர்வைக்குள்ளேயே வெந்துவிடும். குழந்தையைப் பார்க்கிற மாதிரிதான்.

தோட்டத்தைப் பற்றிப் பேசும்போது மாண்டிசெல்லோவைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், மறந்துவிடும். அங்கே ஜெஃபர்ஸன் போட்ட வளைந்த பூப்பாதை காலப்போக்கில் புல் மூடிக் காணாமற் போயிருந்தது. 1930களின் கடைசியில் வர்ஜீனியாத் தோட்டச் சங்கம் அதைப் புதுப்பிக்க முன்வந்தது. 1807இல் அவர் பேத்திக்கு எழுதிய கடிதத்தில் பாதையின் படம் இருந்தது; ஆனால் மண்ணில் எங்கே அது? இருட்டின பிறகு மோட்டார் காரை நிறுத்தி, அதன் விளக்கைப் புல்தரையின் குறுக்கே பாய்ச்சினார்களாம். பகலில் கண்ணுக்குத் தெரியாத சிறு பள்ளம் நிழலாக வளைந்து வளைந்து தெரிந்தது. பாதை கிடைத்துவிட்டது! வீடு திறந்து சேர்த்த டிக்கெட் பணம் இப்படிப்பட்ட காரியங்களுக்குத்தான் போயிற்று.

வீட்டுக்குள் வருவோம். முதல் வேலை துடைப்பதல்ல, ஒளிப்பது. கையடக்கமான சாமான்கள் எல்லாம் பெட்டிக்குள் போய்விடும். வெள்ளி மூக்குப்பொடி டப்பா, தந்தத்து விசிறி, பாட்டியின் கைக்கடிகாரம் ஒன்றும் மேஜைமேல் இருக்கக் கூடாது. ஆயிரம் பேர் வந்தால் ஒருவருக்காவது கை நீளும். கடிதங்கள், பாங்குக் கணக்கு, குளியலறை அலமாரியில் இருக்கும் மருந்துப் புட்டிகள் எல்லாம் மறைய வேண்டும். எந்த மருந்து யாருக்கு என்பது ஊருக்குத் தெரிய வேண்டியதில்லை அல்லவா? குடும்பப் போட்டோக்களை மட்டும் எடுப்பதில்லை. வருகிறவர்கள் பளிங்குக் கணப்பைப் பார்ப்பதைவிட, அதன்மேல் இருக்கும் பேரனின் போட்டோவைத்தான் அதிக நேரம் பார்க்கிறார்களாம்.

அடுத்தது தரை. நல்ல கம்பளங்களைச் சுருட்டி எடுத்துவிட்டு, நடக்கும் வழி நெடுகக் கித்தான் விரிப்புப் போடுவார்கள். பழைய வீடுகளில் பைன் பலகைத் தரை, மெத்தென்ற மரம். ஊசி முனைக் குதிகால் செருப்பு வைத்து ஒரு பெண் நடந்தால், அவள் எந்த வழியாகப் போனாள் என்பது நூறு வருஷத்துக்கு அதில் எழுதியிருக்கும். அதனால் அப்படிப்பட்ட செருப்பு வேண்டாமென்று முன்னாடியே சொல்லிவிடுவார்கள். நாற்காலியின் கைகளுக்குக் குறுக்கே ஒரு ரிப்பன் கட்டியிருந்தால் உட்காராதே என்று அர்த்தம். வாயால் சொல்வதைவிட ரிப்பன் மரியாதையாகச் சொல்கிறது. வெயில் விழும் ஜன்னல்களில் திரை பாதி இழுத்திருக்கும். பட்டுத் துணியை வெயில்தான் முதலில் தின்னும்.

கூட்டம் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேற வேண்டும். திரும்பி வரக் கூடாது. மாடிப்படி குறுகலென்றால் மாடியே கிடையாது. ஒவ்வோர் அறைக்கும் ஒரு பெண் நின்று கதை சொல்வாள். அறைக்குள் ஒரு தடவைக்கு இத்தனை பேர்தான் என்று கணக்கு உண்டு. பழைய உத்தரம் எவ்வளவு தாங்கும் என்பது வீட்டுக்காரருக்குத் தெரியும். மழை வந்துவிட்டால் குடைகளுக்கு ஒரு ஜாடி, ஈரக் காலுக்கு இரண்டு மிதியடி. நாயைச் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிட வேண்டும். வீட்டுக்காரர்? அவரும் எங்கேயாவது ஒதுங்கிவிடுவது நல்லது. பழைய வீடுகளில் நவீனச் சமையலறைக்குத் தட்டி வைத்து மறைத்துவிடுகிறார்கள். அடுப்பையும் குளிர்பதனப் பெட்டியையும் பார்க்கத்தான் வருகிறவர்களுக்கு ஆசை அதிகம். தட்டிக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள்!

மலர் அலங்காரம் தனிக் கலை. பூவைக் காலையில் பனி உலருமுன் அல்லது மாலையில் வெயில் தணிந்த பின் அறுப்பார்கள். காம்பைச் சாய்வாக வெட்டி, தண்ணீருக்குள் போகும் இலைகளை உருவிவிட்டு, ஒரு ராத்திரி முழுவதும் வாளித் தண்ணீரில் கழுத்தளவு நிறுத்தி வைப்பார்கள். வயிறு நிறையக் குடித்த பூ இரண்டு நாள் தாங்கும். கெட்டியான மரக் காம்பாக இருந்தால் நுனியைப் பிளந்துவிடுவதுண்டு. ஜாடிக்கு அடியில் கம்பளித் துண்டு ஒன்று கட்டாயம். மஹாகனி மேஜையில் ஒரே ஓர் ஈர வட்டம் விழுந்துவிட்டால், போன தலைமுறை மாமியார் கல்லறையிலிருந்து எழுந்து வந்துவிடுவார்! தினமும் ராத்திரி கூட்டம் போன பிறகு வாடினதை எடுத்துவிட்டுப் புதிது வைக்க வேண்டும். வாடின பூ ஒன்று, துடைத்த வெள்ளி பத்தையும் மட்டம் தட்டிவிடும். இந்த ஒரு விஷயத்தில் நம் பூஜை அறைக்கும் அவர்கள் கூடத்துக்கும் வித்தியாசம் இல்லை.

நாச்செஸில் இதற்கெல்லாம் மேலே ஒன்று இருந்தது: உடை. கதை சொல்லும் பெண்கள், யுத்தத்துக்கு முந்திய காலத்துச் சீமாட்டிகளைப் போல் இடுப்புக்குக் கீழே வளையம் வளையமாகக் கட்டி விரித்த பெரிய பாவாடை அணிந்துகொண்டு நிற்பார்கள். பார்க்க அழகுதான். ஆனால் அந்தப் பாவாடையுடன் ஒரு நிலைப்படியில் இரண்டு பேர் சேர்ந்து நுழைய முடியாது. திரும்பும்போது ஜாக்கிரதையாகத் திரும்பாவிட்டால் சின்ன மேஜை மேலிருக்கும் ஜாடியைப் பாவாடையே வாரிக்கொண்டு போகும். உட்காருவதற்கென்று தனிச் சாமர்த்தியம் வேண்டும்.

இந்தப் பாவாடைகளுக்குள் ஒரு பெரிய சண்டையும் மூண்டது. எல்லாம் பணத்தினால்தான். டிக்கெட் பணம் வந்து சேர்ந்ததும், "வீட்டைத் திறந்தவர்கள் நாங்கள், கூரை ஒழுகுகிறது, எங்கள் பங்கைக் கொடுங்கள்" என்றார்கள் வீட்டுக்காரர்கள். "ஊருக்குப் பொதுவான பழைய கட்டடங்களை வாங்கிப் புதுப்பிக்க வேண்டும்" என்றார்கள் மற்றவர்கள். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. அதனால்தான் சண்டை பலத்தது. 1930களின் நடுவில் சங்கம் இரண்டாகப் பிளந்தது. ஒரே ஊரில் இரண்டு யாத்திரை. ஒரு கட்சிக்காரர் வீட்டு வாசலை மற்றக் கட்சிக்காரர் மிதிப்பதில்லை. 1941இல் கோர்ட் வரைக்கும் போய்விட்டது. 'வளையப் பாவாடை யுத்தம்' என்று பத்திரிகைகள் சிரித்தன. பெண்கள் பணக் கணக்கில் சண்டை போட்டால் மட்டும் பத்திரிகைகளுக்கு ஏனோ சிரிப்பு வந்துவிடுகிறது! அந்தச் சண்டைக்காரர்களில் ஒரு கட்சி, கி.பி. 1798ஐ ஒட்டிக் கட்டப்பட்ட எல்லிகாட் குன்றின் வீட்டை வாங்கிப் புதுப்பித்தது. இன்னொரு கட்சி 1938இல், ஒரு தெருச் சதுரத்தையே அடைத்துக்கொண்டிருக்கும் ஸ்டாண்டன் ஹால் மாளிகையை வாங்கிற்று. அவர்கள் கை வைக்காவிட்டால் இவற்றின் கதி என்ன ஆகியிருக்குமோ! உலக யுத்தம் முடிந்தபின் இரண்டு கட்சியும் சமாதானமாகி, ஒன்றாகவே விழாவை நடத்தின.

தயாரிப்பே தேவைப்படாத வீடும் ஒன்று அங்கே உண்டு. லாங்வுட் என்று பெயர். ஹாலர் நட் என்கிற பருத்திப் பிரபு 1860இல் கட்ட ஆரம்பித்தார். எட்டுப் பட்டை, உச்சியில் வெங்காயம்போல் ஒரு கோபுரம், மொத்தம் 32 அறைகள் என்று திட்டம். மறு வருஷம் யுத்தம் வந்ததும், பிலடெல்பியாவிலிருந்து வந்திருந்த தச்சர்களும் கொத்தர்களும் சொந்த ஊருக்குப் புறப்பட்டுவிட்டார்கள். அடித்தளத்து ஒன்பது அறைகள் மட்டும், அங்கிருந்த அடிமைகளின் உழைப்பால் முடிந்தன. ஹாலர் நட் 1864இல் கண்ணை மூடினார். மனைவியும் குழந்தைகளும் அந்த ஒன்பது அறைகளில் காலந்தள்ளினார்கள். மேல்மாடிகள் இன்றைக்கும் வெறும் செங்கல்லும் மரச்சட்டமுமாகவே நிற்கின்றன. தூசி தட்டக்கூட வேண்டாம், அதுவே காட்சி.

மற்ற வீடுகளில் எல்லாருடைய கண்ணும் போவது சாப்பாட்டு அறை மேஜைக்கு நேர் மேலே. மெல்ரோஸ் என்கிற மாளிகையில் அது ஒரு பெரிய மஹாகனிப் பலகை. வேலைப்பாடு செய்து, உத்தரத்திலிருந்து தொங்கவிட்டிருக்கிறார்கள். அதன் பெயரைக் கேட்டால் நமக்குத் தூக்கிவாரிப் போடும். பங்கா! ஆமாம், நம் நாட்டுக் கச்சேரிகளிலும் வெள்ளைக்காரக் கலெக்டர் பங்களாக்களிலும் கயிறு கட்டி இழுத்த அதே பங்கா. பெயர் நம் தேசத்திலிருந்து கடல் கடந்து அங்கே போயிருக்கிறது. அங்கே காற்றுக்கு மட்டுமல்ல, சாப்பாட்டில் ஈ மொய்க்காமல் இருப்பதற்கும் அதுதான்.

பங்கா தானாக ஆடாது. இழுக்க ஆள் வேண்டும்.

நெடுங்காலம், பலகையின் வேலைப்பாட்டைப் பற்றிச் சொல்வார்கள்; மரம் எங்கிருந்து வந்தது, விருந்தில் யார் யார் உட்கார்ந்தார்கள் என்று சொல்வார்கள். மூலையில் நின்று கயிற்றை இழுத்தவனைப் பற்றி, "ஒரு வேலைக்காரப் பையன்" என்பதோடு நிறுத்திக் கொள்வார்கள். அவன் வேலைக்காரன் அல்ல, விலைக்கு வாங்கப்பட்டவன். சம்பளம் கிடையாது, வேலையை விட்டுப் போக முடியாது. விருந்து முடியும்வரை கையை மாற்றி மாற்றி இழுக்க வேண்டும், அவ்வளவுதான். வீட்டைத் தயார் செய்வதென்றால் ஒளிக்க வேண்டியதை ஒளிப்பதுதான் முதல் வேலை என்று மேலே சொன்னேன் அல்லவா? நாச்செஸ் வீடுகளில் மூக்குப்பொடி டப்பாவோடு ஒளித்து வைத்தது இவனையும்தான்.

அந்த மாளிகைகளின் செல்வமெல்லாம் ஆற்றுக்கு அக்கரையிலும் இக்கரையிலும் அடிமைகள் பறித்த பருத்தி. செங்கல் அறுத்ததிலும், சுவர் எழுப்பியதிலும், சமைத்ததிலும், எஜமானர் குழந்தைகளை வளர்த்ததிலும் அவர்கள் கை உண்டு. ஊருக்கு வெளியே, சாலைகள் கூடும் இடத்தில் பெரிய அடிமைச் சந்தை ஒன்று 1830களிலிருந்து நடந்தது. தெற்கே நியூ ஆர்லியன்ஸுக்கு அடுத்தபடி பெரியது என்று சொல்லக்கூடியது. அங்கே விற்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் எங்கிருந்து வந்தார்கள் தெரியுமா? நாம் முதலில் பார்த்த வர்ஜீனியாவிலிருந்தும் அதன் அண்டை மாகாணங்களிலிருந்தும்தான். பலரைச் சங்கிலியில் பிணைத்துச் சுமார் 1000 மைல் நடத்தியே கூட்டி வந்தார்கள். பூப்பாதை போட்ட ஜெஃபர்ஸனும் தம் ஆயுளில் 600 பேருக்கு மேல் அடிமைகளாக வைத்திருந்தவர். அந்தப் பாத்திகளில் மண் வெட்டியவர்களும் அவர்களே.

யாத்திரை ஆரம்பித்த நாட்களில் கறுப்பினப் பெண்கள் அந்த வீடுகளில் இல்லாமல் இல்லை. வெள்ளியைத் தேய்த்தவர்களும், சமையலறையில் நின்றவர்களும் பெரும்பாலும் அவர்களே. விழாவின் இரவு நாடகத்தில், பருத்திக் காட்டில் பாடும் அடிமைகளாக வந்து பாடவும் அவர்கள் வேண்டியிருந்தார்கள். தோட்டச் சங்கத்தில் அங்கத்தினராக மட்டும் இடமில்லை. 1965இல் அந்த ஊரிலும் சம உரிமைப் போராட்டம் வெடித்தது, கடைகளைப் பகிஷ்கரித்தார்கள். ஊர் ஜனங்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு, வசந்த காலத்தில் தெருவில் போகும் வளையப் பாவாடை வேறு ஏதோ ஒன்றை ஞாபகப்படுத்திக்கொண்டே இருந்தது.

அந்தப் பெண்கள் வேண்டுமென்றே பொய் சொன்னார்கள் என்று நான் சொல்லமாட்டேன். பாட்டி சொன்ன கதையைப் பேத்தி சொன்னாள். ஆனால் பாட்டிகள் எதைச் சொல்லாமல் விடுவார்கள் என்பது நமக்குத் தெரியும். நம் வீட்டுப் பெருமையைப் பேசும்போது, நாற்பது வருஷம் பின்கட்டில் பாத்திரம் தேய்த்தவளின் பெயர் யாருக்கு நினைவிருக்கிறது?

மாற்றம் மெதுவாகத்தான் வந்தது. 1951இல் ஒரு புஸ்தகம் வெளியாயிற்று. வில்லியம் ஜான்ஸன் என்கிறவர் 1835லிருந்து 1851 வரை எழுதிய நாட்குறிப்பு அது. அடிமையாகப் பிறந்து, சிறுவயதில் விடுதலை பெற்று, நாச்செஸில் க்ஷவரக் கடை வைத்துப் பிழைத்தவர். ஊரில் நடந்ததெல்லாம் அவர் காதுக்கு வந்துவிடும்; அதையெல்லாம் ராத்திரி எழுதி வைத்தார். இதிலும் ஒரு முடிச்சு இருக்கிறது: அவரே சில அடிமைகளை வைத்திருந்தார். 1988இல் நாச்செஸ் தேசிய சரித்திரப் பூங்கா ஏற்பட்டது. 1990இல் மெல்ரோஸ் மாளிகை பூங்காவின் கைக்கு வந்தது. வில்லியம் ஜான்ஸனின் வீடும் பின்னால் அதில் சேர்ந்தது. அடிமைச் சந்தை இருந்த இடம் 2021இல் சேர்ந்தது. அங்கே கட்டடம் ஒன்றும் இல்லை. புல்தரையில், சிமெண்டில் பதித்த கால்விலங்குகள் இருக்கின்றன.

யாத்திரை நின்றுவிடவில்லை. அஸாலியா பூக்கும் வசந்தத்தில் இன்றும் நடக்கிறது. ஆனால் வீட்டைத் தயார் செய்யும் வேலையில் புதிதாகச் சில சேர்ந்திருக்கின்றன. முன்பெல்லாம் விருந்தாளிகள் கண்ணில் படாமல் இருக்கட்டுமென்று கொடியேறவிட்டிருந்த பின்கட்டு விடுதிகளுக்கும் சில இடங்களில் கூரை மாற்றி, தரை பூசிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். கித்தான் விரிப்பு இப்போது கூடத்தோடு முடியாமல் பின்முற்றம் வரைக்கும் போகிறது. கதை சொல்பவர்களில் சிலர் வளையப் பாவாடையை விட்டுவிட்டார்கள். இதெல்லாம் எதற்கு என்று முகம் சுளிப்பவர்களும் ஊரில் உண்டு. பூவைப் பார்க்க வந்தவர்களிடம் அழுகையைச் சொல்வானேன் என்பது அவர்கள் கட்சி. பூவைப் பார்க்க வந்தவர்கள் பங்காவைப் பார்த்துவிட்டு, "இதை இழுத்தது யார்?" என்று கேட்டால் என்ன சொல்வது என்பது மற்றக் கட்சி. நான் இரண்டாவது கட்சி.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடுவதும் இப்போது வீடு திறக்கும் வேலையில் ஒன்றாகிவிட்டது. பழைய எஜமானர் இறந்தபோது அவர் சொத்துக்கெல்லாம் ஜாபிதா எழுதி, விலை போட்டுக் கோர்ட்டில் தாக்கல் செய்வார்கள். நிலைக்கண்ணாடி இத்தனை, குதிரை இத்தனை, வெள்ளிக் கரண்டி இத்தனை. அதே காகிதத்தில், அதே கையெழுத்தில், அடிமைகளின் பெயரும் ஒவ்வொன்றாக இருக்கும். முழுப் பெயர் கிடையாது. முதல் பெயர் மட்டும்; பக்கத்தில் வயது, அதற்குப் பக்கத்தில் டாலர் கணக்கு. கதை சொல்லும் பெண்கள் அந்த ஜாபிதாவையும் எடுத்து வைத்துக்கொண்டு படிக்க ஆரம்பித்திருக்கிறார்கள்.